அறிவியல் வரைபுகளில் தனிக்குறிகள்

தனிக்குறி என்பது, ஒரு வரைபில் தரவுப் புள்ளியையோ நிகழ்வையோ சுட்டுவதற்காக வரைபவர் தாமே வடிவமைத்துக்கொள்ளும் குறியீடு ஆகும். வரைபு மென்பொருள்கள் வட்டம், சதுரம், முக்கோணம், சாய்சதுரம், கூட்டல் குறி போன்ற சில வடிவங்களை ஆயத்தமாகத் தருகின்றன. பெரும்பாலான வரைபுகளுக்கு இவையே போதும். பல வகைத் தரவுகள் ஒரே வரைபில் வரும்போதும், ஒரு புள்ளிக்குச் சிறப்பான பொருள் இருக்கும்போதும், குறியைப் பார்த்தவுடனே வாசகர் அப்பொருளை உணர வேண்டியிருக்கும்போதும் தனிக்குறி தேவைப்படுகிறது.

கணினிக்கு நெடுங்காலம் முன்பே இத்தேவையைச் சந்தித்த இடங்களுள் ஒன்று, பழனி மலைத்தொடரில் உள்ள கோடைக்கானல் சூரிய ஆய்வகம். அங்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கையால் வரையப்பட்ட சூரிய வரைபடங்களும், அவற்றிலிருந்து இன்று மென்பொருளில் வரையப்படும் வரைபுகளும் தனிக்குறிகளின் பயனையும் இடர்களையும் அறிய நல்ல எடுத்துக்காட்டுகள் ஆகும்.

கோடைக்கானல் ஆய்வகமும் அதன் பின்னணியும்

கோடைக்கானல் ஆய்வகம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சென்னையில் இயங்கிவந்த வானாய்வகத்தின் பணிகள் 1899 ஆம் ஆண்டு இங்கு மாற்றப்பட்டன. முதல் இயக்குநர் சார்லஸ் மிச்சி சுமித். இவ்வாய்வகம் நீண்டகாலம் இந்திய வானிலைத் துறையின் கீழ் இருந்தது. 1971 முதல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

ஆய்வகம் தோன்றியதற்கு ஒரு வரைபுச் சிக்கலும் மறைமுகக் காரணமாகும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1877 இல் வில்லியம் ஹண்டர், சென்னையின் மழையளவையும் சூரியப்புள்ளிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று எழுதினார். வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவருடன் சேர்ந்து இக்கருத்தை முன்வைத்தார். சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழை பொய்க்கும் ஆண்டை முன்கூட்டி அறியலாம் என்ற நம்பிக்கை, தென்னிந்தியாவில் சூரிய ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுச்சேர்த்தது.

பஞ்ச ஆண்டுகளைச் சூரியப்புள்ளி வளைகோட்டின் மேல் குறித்துப் பார்த்ததில் பிறந்த நம்பிக்கை அது. பிற்காலத்தில் இந்திய வானாய்வகங்களின் தலைமை இயக்குநராக இருந்த கில்பர்ட் வாக்கர், நீண்டகாலத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தபோது அவ்வுறவு மிகவும் பலவீனமானதே என்று தெரிந்தது. ஒரு வளைகோட்டின் மேல் நிகழ்வுகளைக் குறிப்பது எவ்வளவு வலிமையான, அதே நேரத்தில் எவ்வளவு எளிதில் வழிதவறவைக்கும் செயல் என்பதை இது உணர்த்துகிறது.

கையால் வரைந்த குறிகள்

கோடைக்கானலில் 1904 முதல் சூரியனின் வெண்ணொளிப் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. பின்னர் கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் ஒளியிலும், ஐதரசனின் 656.3 நானோமீட்டர் ஒளியிலும் படங்கள் சேர்ந்தன. மூன்று வகைப் படங்களும் சூரியனின் மூன்று வெவ்வேறு தோற்றங்களைக் காட்டுபவை. இவற்றில் தெரிவனவற்றை ஒரே தாளில் தொகுத்து நாள்தோறும் வரையப்பட்டவையே சூரிய வரைபடங்கள்.

அத்தாளில் சூரிய வட்டமும், அதன் மேல் அகலாங்கு, நெட்டாங்குக் கோடுகளும் முன்பே அச்சிடப்பட்டிருக்கும். இது இசுட்டோனிகர்சுட்டு கட்டம் எனப்படும். சூரியனின் அச்சு பூமியை நோக்கியும் அப்பாலும் ஆண்டில் 7.25 பாகை வரை சாய்வதால், ஒரே கட்டத்தை ஆண்டு முழுவதும் பயன்படுத்த இயலாது. சாய்வுக்கு ஏற்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்கட்டத்தின் மேல் நான்கு வகைத் தோற்றங்கள் குறிக்கப்பட்டன:

- சூரியப்புள்ளிகள்: காந்தப்புலம் மிகுந்த, சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த கருநிறப் பகுதிகள்.
- ஒளிர்திட்டுகள்: கால்சிய ஒளியில் பளிச்சிடும் பகுதிகள். பிளேஜ் என்றும் அழைக்கப்படும்.
- இழைகள்: ஐதரசன் ஒளியில் சூரிய வட்டின் மேல் கரிய கோடுகளாகத் தெரியும் வளிமத் தொகுதிகள்.
- தீநாக்குகள்: அதே வளிமத் தொகுதிகள் சூரியனின் விளிம்பில் வரும்போது, வெளியே நீட்டிக்கொண்டு ஒளிரும் தோற்றம்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறமும் வரையும் முறையும் வகுக்கப்பட்டிருந்தன. இழையும் தீநாக்கும் ஒரே பொருளின் இரு தோற்றங்கள் என்றாலும், காணப்படும் முறை வேறு என்பதால் தனித்தனியே குறிக்கப்பட்டன. நல்ல குறிமுறையின் முதல் பண்பு இதுவே: எதை அறிந்தோம் என்பதோடு, எவ்வாறு கண்டோம் என்பதையும் குறி காட்ட வேண்டும்.

இவ்வரைபடங்கள் இப்போது எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டுள்ளன. நிற அடிப்படையில் படப்புள்ளிகளைக் கொத்துகளாகப் பிரிக்கும் கணிமுறையைக் கொண்டு, பல ஆண்டுகளின் வரைபடங்களிலிருந்து இழைகள் மட்டும் தனியே பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. அன்று மை தொட்டு வரைந்தவர் ஒரே முறையை நாள்தோறும் மாறாமல் பின்பற்றியதால்தான் இன்று கணினியால் அத்தாளை வாசிக்க முடிகிறது. நாளுக்கொரு நிறம் மாறியிருந்தால் அத்தாள்கள் படங்களாக மட்டுமே எஞ்சியிருக்கும், தரவாகியிருக்கா.

மென்பொருள்களில் தனிக்குறி

வரைபு மென்பொருள்களில் தனிக்குறியை அமைக்க நான்கு வழிகள் வழக்கில் உள்ளன.

1. எழுத்தையே குறியாக்குதல்

ஆர் மொழியில் 0 முதல் 25 வரை எண்ணிடப்பட்ட 26 ஆயத்தக் குறிகள் உள்ளன. அவை போதாதபோது ஏதேனும் ஓர் எழுத்தைக் குறியாகக் கொடுக்கலாம். நூபிளாட் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் நிரல்தொகுதியில், இரண்டு டாலர் குறிகளுக்கு இடையே எழுதப்படும் எழுத்தோ கணிதக் குறியோ தரவுக்குறியாக மாறும். காந்த முனைவைக் காட்டக் கூட்டல், கழித்தல் குறிகளைப் பயன்படுத்துவது இதற்குப் பொருத்தமான இடம்.

தமிழ் எழுத்தைக் குறியாக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவை கணினியில் மெய்யெழுத்துக்குப் பின் சேமிக்கப்பட்டு, திரையில் அதற்கு முன் காட்டப்படுகின்றன. இந்த இடமாற்றத்தைச் செய்யாத மென்பொருளில் ‘கொ’ போன்ற எழுத்துகள் சிதைந்து தோன்றும். அ, க, ம, ப போன்ற தனியெழுத்துகளில் இச்சிக்கல் இல்லை. ஆகவே தமிழ்க் குறிகளுக்கு இவையே பாதுகாப்பானவை.

2. முனைகளைக் கொடுத்து வடிவம் வரைதல்

இதுவே தனிக்குறியின் பொதுவான முறை. ஒரு பலகோணத்தின் முனைகளை ஆயத்தொலைவுகளாக வரிசையாகக் கொடுத்தால், மென்பொருள் அவற்றை இணைத்துக் குறியாக்கும். சூரிய இயற்பியலாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திவரும் ஐ.டி.எல். மொழியில் இதற்கெனத் தனிக் கட்டளை உண்டு. அதில் அதிகபட்சம் 49 முனைகள் கொடுக்கலாம். லாடெக் ஆவணங்களுக்கான பிஜிஎஃப்பிளாட்ஸ் தொகுதியிலும் புதிய குறியை அறிவிக்கும் வசதி உள்ளது.

எடுத்துக்காட்டாக, (0, 0), (0, 10), (6, 8), (0, 6) என்ற நான்கு முனைகளை இணைத்து நிரப்பினால் கம்பத்தில் பறக்கும் சிறு கொடி கிடைக்கும். மேட்பிளாட்லிப்பில் (0, 0) என்ற இடம் தரவுப் புள்ளியின் மேல் சரியாக அமரும். அதாவது கொடிக்கம்பத்தின் அடி உரிய இடத்தில் ஊன்றப்படும். அதே கொடியை (-3, -5) இல் தொடங்கி வரைந்தால் கொடியின் நடுப்பகுதி புள்ளியின் மேல் அமர்ந்து, கம்பத்தின் அடி வேறு இடத்தைச் சுட்டும். வடிவம் ஒன்றே, சுட்டும் இடம் வேறு. தனிக்குறிகளில் கண்ணுக்குத் தப்பும் பிழைகளில் இது முதன்மையானது.

3. வெக்டர் படத்தைக் குறியாக்குதல்

வளைவுகள் நிறைந்த வடிவங்களை இங்க்சுகேப் போன்ற மென்பொருளில் வரைந்து, அதன் பாதையை வரைபு மென்பொருளுக்குள் கொண்டுவரலாம். பாதையாக வரும் குறியை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது. நிறத்தையும் கோட்டின் தடிமனையும் நிரலிலேயே மாற்றலாம்.

4. படத்துண்டை ஒட்டுதல்

ஒளிப்படத்தின் ஒரு சிறு பகுதியை வரைபில் சிறுகுறிப்பாக ஒட்டலாம். மேட்பிளாட்லிப்பில் இதற்கான சிறுகுறிப்புப் பெட்டி உண்டு. படத்தின் எந்த இடம் தரவுப் புள்ளியோடு பொருந்த வேண்டும் என்பதை அப்பெட்டியில் குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டால் படத்தின் நடு பொருந்தும். ஒரு குறிப்பிட்ட நாளின் சூரியப்புள்ளிக் கூட்டத்தை வளைகோட்டின் அருகே காட்ட இது ஏற்றது. நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்கு இம்முறை ஏற்றதன்று.

தரவுக்குறியும் சிறுகுறிப்பும்

தரவுக்குறி அட்டவணையில் உள்ள ஒரு மதிப்பைக் காட்டுவது. சிறுகுறிப்பு வாசகருக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டுவது. இரண்டும் ஒரே வடிவில் இருந்தால் வாசகர் சிறுகுறிப்பையும் அளவீடு என்று எண்ணிவிடுவார்.

1909 ஆம் ஆண்டு சனவரியில் ஜான் எவர்செட் கோடைக்கானலில் சூரியப்புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்து, புள்ளியின் அரைநிழல் பகுதியில் வளிமம் வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். இது எவர்செட் விளைவு எனப்படுகிறது. சூரியப்புள்ளிகளின் பரப்பைக் காட்டும் வரைபில் இக்கண்டுபிடிப்பைக் குறிக்க வேண்டுமானால், 1909 என்ற இடத்தில் ஒரு கொடி நடலாம். ஆனால் கொடி எந்த உயரத்தில் நிற்க வேண்டும்? தரவு அச்சின்படி வைத்தால் அதற்கும் ஒரு பரப்பளவு உண்டு என்ற தோற்றம் எழும். ஆகவே கிடை இடத்தை ஆண்டு அச்சின்படியும், செங்குத்து இடத்தை வரைபுச் சட்டத்தின் விகிதப்படியும் கொடுப்பது வழக்கம். கொடி எப்போதும் சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி நிற்கும். செங்குத்து அச்சின் அளவை மாற்றினாலும் நகராது. இவ்வாறு இரு அச்சுகளுக்கு இரு வேறு ஆயமுறைகளைக் கொடுக்கும் வசதி நூபிளாட், மேட்பிளாட்லிப் இரண்டிலும் உள்ளது.

எவர்செட் விளைவையே வரைய வேண்டுமானால் நிலைமை வேறு. அங்கு ஒவ்வோர் அம்பும் ஓர் அளவீடு. அம்பின் திசை பாய்வின் திசையையும், நீளம் வேகத்தையும் காட்டும். வேகம் வினாடிக்கு ஒரு சில கிலோமீட்டர் என்பதால், எவ்வளவு நீளம் எவ்வளவு வேகம் என்பதைக் காட்டும் அளவுகோல் அம்பு ஒன்று வரைபின் மூலையில் இருக்க வேண்டும்.

குறியின் அளவு

சூரியப்புள்ளிகளின் பரப்பு, சூரியனின் காணக்கூடிய அரைக்கோளத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகில் அளக்கப்படுகிறது. 100 அலகு கொண்ட கூட்டமும் 400 அலகு கொண்ட கூட்டமும் ஒரே வரைபில் வருகின்றன என்று கொள்வோம். குறியின் விட்டத்தை நான்கு மடங்காக்கினால் அதன் பரப்பு பதினாறு மடங்காகிவிடும். வாசகரின் கண் பரப்பையே பார்க்கிறது. எனவே விட்டத்தை இரு மடங்காக்குவதே சரி.

மேட்பிளாட்லிப்பில் இதற்குள் ஒரு பொறி உள்ளது. கோட்டு வரைபுக் கட்டளையில் குறியின் அளவு என்பது விட்டம். சிதறல் வரைபுக் கட்டளையில் அது பரப்பு. முதலாவதில் தரவின் வர்க்கமூலத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் தரவை நேரடியாக ஒரு மாறிலியால் பெருக்கிக் கொடுக்கலாம். ஒரு கட்டளையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இதை மறந்தால் வரைபின் பொருளே மாறிவிடும்.

அளவின் அலகு அச்சுப் புள்ளி. ஓர் அங்குலத்தில் 72 இல் ஒரு பங்கு. 6 புள்ளி விட்டமுள்ள குறி தாளில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும். அந்த அளவில் ஐந்து இதழ்ப் பூவும் வட்டமும் ஒன்றுபோலவே தெரியும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து அழகாக அமைத்த குறி, ஆய்விதழின் ஒற்றைப் பத்தி அகலத்தில் அச்சாகும்போது மைத்துளியாகிவிடுவது இதனால்தான்.

இல்லாத தரவுக்கும் ஒரு குறி

கோடைக்கானலில் ஆண்டின் தொடக்க மாதங்களில் காலை வானம் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் முகில்கள் சூழும் மாதங்களிலும், வடகிழக்குப் பருவமழை பொழியும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பல நாள்கள் சூரியனைப் படமெடுக்க இயலாது. ஆகவே நாள்வாரித் தரவில் இரு வகை வெற்றிடங்கள் உள்ளன: சூரியனைப் பார்த்து, புள்ளி எதுவும் இல்லை என்று அறிந்த நாள், சூரியனைப் பார்க்கவே இயலாத நாள்.

முன்னது ஓர் அளவீடு. அதன் மதிப்பு சுழி. பின்னது அளவீடே அன்று. இரண்டையும் சுழி என்று பதிந்தால், முகில் மூடிய ஒவ்வொரு நவம்பரிலும் சூரியன் ஓய்ந்ததுபோல் வரைபு காட்டும். இரண்டையும் விட்டுவிட்டால், புள்ளிகளற்ற அமைதிக் காலங்கள் மறைந்துபோகும். தனிக்குறி இங்கு அலங்காரம் அன்று, அறிவியல் தேவை. சுழி நாளுக்கு அடிக்கோட்டின் மேல் உள்ளீடற்ற சிறு வட்டமும், நோக்கப்படாத நாளுக்குச் சட்டத்தின் கீழ் விளிம்பில் ஒரு சிறு செங்கீற்றும் இட்டால் வேறுபாடு தெளிவாகும்.

கோட்டு வரைபு என்றால் மேலும் ஒன்று கவனிக்க வேண்டும். விடுபட்ட நாள்களின் வரிசைகளையே அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டால், மென்பொருள் முன்னும் பின்னும் உள்ள நாள்களை நேர்கோட்டால் இணைத்துவிடும். அவ்விடங்களில் எண் அல்லாத மதிப்பை இட்டால் மேட்பிளாட்லிப் கோட்டை முறித்துக் காட்டும். நூபிளாட்டில் தரவுக் கோப்பில் ஒரு வெற்று வரி விட்டால் அதே பயன் கிடைக்கும்.

வண்ணத்துப்பூச்சி வரைபும் இரட்டைக் குறியும்

சூரியப்புள்ளிகள் ஒவ்வொரு சுழற்சியின் தொடக்கத்திலும் ஏறத்தாழ 30 பாகை அகலாங்குகளில் தோன்றி, ஏறத்தாழ 11 ஆண்டுகளில் நடுக்கோட்டை நெருங்குகின்றன. காலத்தைக் கிடை அச்சிலும் அகலாங்கைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக நிற்பதுபோன்ற வடிவம் கிடைக்கும். இவ்வரைபை 1904 இல் கிரீனிச்சு வானாய்வகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மாண்டர் வெளியிட்டார். ஆனி மாண்டர் அப்பணியில் உடனிருந்தார். கோடைக்கானலில் 1921 முதல் 2011 வரை எடுக்கப்பட்ட வெண்ணொளிப் படங்களிலிருந்து பெற்ற தரவிலும் இதே வடிவம் தெளிவாக அமைகிறது. பின்னர் இத்தரவுத் தொடர் 1904 வரை பின்னோக்கியும் 2017 வரை முன்னோக்கியும் நீட்டப்பட்டது.

இத்தகைய வரைபில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் நெருங்கி நிற்கும். இங்குத் தனிக்குறி வேண்டியதில்லை. சிறு புள்ளியே சிறந்தது.

சில நாள்களின் கூட்டங்களை மட்டும் சூரிய வட்டின் மேல் காட்டும்போது நிலைமை மாறும். சூரியப்புள்ளிகள் பெரும்பாலும் இணையாகத் தோன்றும். சூரியன் சுழலும் திசையில் முன்செல்வது முன்புள்ளி, தொடர்வது பின்புள்ளி. இரண்டும் எதிரெதிர்க் காந்த முனைவு கொண்டவை. முன்புள்ளி பெரும்பாலும் நடுக்கோட்டுக்குச் சற்று அருகில் இருக்கும். கோடைக்கானலின் 1906 முதல் 1987 வரையிலான படங்களைக் கொண்டு இச்சாய்வை கே. ஆர். சிவராமன், எசு. எசு. குப்தா, இராபர்ட் ஹோவர்ட் ஆகியோர் அளந்து ஆராய்ந்தனர்.

இதற்கு ஒரு பெரிய வட்டத்தையும் சிறிய வட்டத்தையும் கோட்டால் இணைத்த இரட்டைக் குறி பொருத்தமானது. வடக்கு மேலே இருக்குமாறு வரைந்தால் முன்புள்ளி வலப்புறம் அமைய வேண்டும். வட அரைக்கோளத்தில் முன்புள்ளி கீழ்நோக்கியும், தென் அரைக்கோளத்தில் மேல்நோக்கியும் சாய வேண்டும். ஒரே குறியை இரு அரைக்கோளங்களுக்கும் திருப்பாமல் இட்டால் தெற்கில் உள்ள அனைத்துக் கூட்டங்களும் தவறாகச் சாய்ந்திருக்கும்.

சாய்வின் அளவையே இக்குறியைச் சுழற்றிக் காட்ட முனைவது பயன் தராது. 6 மில்லிமீட்டர் நீளக் குறியை 5 பாகை சுழற்றினால் இரு முனைகளின் உயர வேறுபாடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. அதைக் கண்ணால் ஒப்பிட இயலாது. சாய்வைத் தனி அச்சில் வைத்து வேறொரு வரைபாக வரைய வேண்டும். பிரெஞ்சு நிலப்பட அறிஞர் இழாக் பெர்த்தன் 1967 இல் வெளியான தம் நூலில் விளக்கியதும் இதுவே: வடிவம் வகைகளைப் பிரித்துக் காட்டும், கூடுதல் குறைவை வரிசைப்படுத்திக் காட்டாது.

குறிஞ்சிப்பூக் குறி: ஓர் எச்சரிக்கை

பழனி மலைகளின் புல்வெளிகளில் குறிஞ்சி ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கிறது. சூரியச் சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டுகள். இரண்டையும் ஒரே வரைபில் காண எவருக்கும் ஆவல் எழும். எல்லாச் சரிவுகளிலும் குறிஞ்சி ஒரே ஆண்டில் பூப்பதில்லை. எனினும் பரவலாகக் குறிஞ்சி ஆண்டுகளாகக் கொள்ளப்படும் ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, சூரியப்புள்ளி வளைகோட்டின் மேல் ஒரு சிறு பூக்குறியை இட்டால் 1990 க்குப் பிந்தைய பகுதி இவ்வாறு அமையும்:

- 1994: சூரியத் தாழ்வுக்கு (1996 ஆகஸ்ட்) ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்.
- 2006: தாழ்வுக்கு (2008 டிசம்பர்) இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் முன்.
- 2018: தாழ்வுக்கு (2019 டிசம்பர்) ஓராண்டுக்குச் சற்று மேல் முன்.

மூன்று பூக்களும் வளைகோடு இறங்கும் சரிவில், ஏறத்தாழ ஒரே இடத்தில் அமர்கின்றன. சூரியன் ஓயப்போவதைக் குறிஞ்சி முன்னறிவிக்கிறது என்று சொல்லிவிடத் தோன்றும். வரைபைப் பின்னோக்கி நீட்டினால் படம் மாறுகிறது:

- 1958: சூரிய உச்சம் (1958 மார்ச்) நிகழ்ந்த அதே ஆண்டு.
- 1970: உச்சத்துக்கு (1968 நவம்பர்) ஏறத்தாழ இரண்டு ஆண்டு பின்.
- 1982: உச்சத்துக்கு (1979 டிசம்பர்) ஏறத்தாழ மூன்று ஆண்டு பின்.

பூக்குறி உச்சியிலிருந்து மெல்ல மெல்லச் சரிவில் இறங்கி வந்திருக்கிறது. சற்றே வேறுபட்ட கால அளவுகளையுடைய, தொடர்பற்ற இரு சுழற்சிகள் ஒன்றன் மேல் ஒன்று நகர்வதையே இது காட்டுகிறது. மூன்று குறிகளில் தெரிந்த ஒழுங்கு ஆறு குறிகளில் கலைந்துவிட்டது. 1877 இல் சூரியப்புள்ளிகளோடு பஞ்ச ஆண்டுகளை இணைத்தபோது நேர்ந்த இடரும் இவ்வகையைச் சேர்ந்ததே. சில நிகழ்வுகளைக் கவர்ச்சியான குறிகளால் எடுத்துக்காட்டும்போது, கண் அவற்றை மட்டுமே எண்ணுகிறது. பொருந்தாத ஆண்டுகளுக்குக் குறி இல்லை என்பதால் அவை வாதத்திலிருந்தே மறைந்துவிடுகின்றன. ஆகவே ஒரு நிகழ்வுக்குக் குறியிடும்போது, தரவு உள்ள காலம் முழுவதிலும் அந்நிகழ்வு நேர்ந்த எல்லா இடங்களிலும் குறியிட வேண்டும்.

தனிக்குறி அமைப்போர் கவனிக்க வேண்டியவை

- ஆயத்தக் குறியே போதுமா என்று முதலில் பார்த்தல். வாசகர் ஏற்கெனவே அறிந்த குறியைக் கற்கத் தேவையில்லை.
- துறையில் நிலைபெற்ற குறியை வேறு பொருளில் பயன்படுத்தாமை. நடுவில் புள்ளியுள்ள வட்டம் வானியலில் சூரியனையே குறிக்கும். அதைச் சூரியப்புள்ளிக்கு இட்டால் குழப்பம் நேரும். எட்டில் எத்தனை பங்கு நிரம்பியது என்று காட்டும் வட்டம் வானிலை வரைபடங்களில் முகிலின் அளவைக் குறிக்கும்.
- ஒரு வரைபில் நான்கைந்து வகைக் குறிகளுக்கு மேல் சேர்க்காமை.
- நிறத்தை மட்டும் நம்பாமை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் உள்ளனர். கறுப்பு வெள்ளைப் படியெடுப்பில் நிறம் அறவே மறையும். நிறமும் வடிவமும் சேர்ந்து மாறினால் இரு நிலையிலும் வரைபு வாசிக்கத்தக்கதாக இருக்கும்.
- ஒவ்வொரு குறியையும் குறிவிளக்கப் பெட்டியில் சேர்த்தல். மேட்பிளாட்லிப்பின் சிதறல் வரைபில் ஒரு கட்டளைக்கு ஒரு குறியே கொடுக்க முடியும். எனவே ஒவ்வொரு வகைக்கும் தனிக் கட்டளையும் தனிப் பெயரும் கொடுப்பது விளக்கப் பெட்டியையும் தானே ஒழுங்குபடுத்தும்.
- குறியின் எந்த இடம் தரவைச் சுட்டுகிறது என்பதை, மதிப்பு தெரிந்த ஒரு புள்ளியில் இட்டுச் சோதித்தல்.
- அச்சாகும் அளவிலேயே தாளில் எடுத்துப் பார்த்தல்.
- குறியின் முனைகளையும் அதன் பொருளையும் தரவோடு சேர்த்துச் சேமித்தல்.

இறுதியாகச் சொல்லப்பட்டது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. கோடைக்கானலின் சூரிய வரைபடங்கள் வரையப்பட்டபோது, அவற்றைக் கணினி வாசிக்கும் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. இன்று மென்பொருளில் வரையப்படும் வரைபையும் பிற்காலத்தில் வேறொருவர் வேறொரு கேள்வியோடு திறக்கக்கூடும். குறியின் பொருள் வரைபிலேயே எழுதப்பட்டிருந்தால்தான் அவரால் அதைப் பயன்படுத்த இயலும்.